பிரேக் அக்காவும் பீரோவுக்குள் இருந்த மைக்கும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பவரின் காலடியில். ஊரில் பாதிப்பேர் அந்த இரண்டாவது பிரேக்கின் புண்ணியத்தில்தான் இன்னும் கைகால்களோடு நடமாடுகிறார்கள். அதை வருஷக்கணக்காக மிதித்துக்கொண்டிருப்பவளுக்கு "பிரேக் அக்கா" என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. பெற்றவர்கள் வைத்த பெயர் டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கே மறந்துபோய்விட்டது.

அவளுடைய பொறுமை பேர்போனது. குறுக்கே ஓடிய நாயை விட்டுவிட்டு, தெருவோரம் சிவனே என்று நின்ற குப்பைத்தொட்டியைக் குறிபார்த்து இடித்தவரிடம்கூட, "பரவாயில்லைங்க, தொட்டி எங்கேயும் போகாது, அடுத்த தடவை நாம கொஞ்சம் தள்ளிப் போவோம்" என்றுதான் சொல்வாள். திருப்பத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறிய ஓய்வுபெற்ற வங்கி மேனேஜரையும் ஓட்டுநராக்கி லைசென்ஸ் வாங்க வைத்தவள் அவள். இவ்வளவு பொறுமையையும் ஒரே மனிதர் ஒரே வருஷத்தில் குடித்துத் தீர்த்தார். அவர் அவளுடைய மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர்.

மகளை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். எட்டு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் சரியாகக் கேட்காது. மூன்று வயதில் காதுக்குப் பின்னால் கருவி மாட்டினார்கள். மூக்குக்கண்ணாடி போட்டால் எழுத்து தெரிவதைப் போல, கருவி மாட்டினால் எல்லாம் கேட்டுவிடும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அமைதியான அறையில், எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பேசினால் சிட்டுவுக்கு நன்றாகவே கேட்கும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், மேலே மின்விசிறி கடகடக்க, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்க, மிஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினால், கருவி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக அள்ளிக் காதுக்குள் கொட்டும். அதில் பாடம் எது, பெஞ்சை இழுக்கிற சத்தம் எது என்று பிரிக்க முடியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மிஸ் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள ஒரு சின்ன மைக் உண்டு. அவர் பேசுவது நேராகச் சிட்டுவின் கருவிக்கு வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். காதைப் பரிசோதித்தவர் அதை எழுதியே கொடுத்தார். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த மைக்கை வெளியே எங்கும் போய் வாங்க வேண்டியதில்லை. எப்போதோ யாரோ ஒரு பிள்ளைக்கென்று வந்த மைக் ஒன்று, தலைமையாசிரியர் அறையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பச்சை பீரோவுக்குள், அட்டைப்பெட்டி பிரிக்காமல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அதைத் திறந்து காட்டுவார்.

பிரேக் அக்காவுக்கும் முதல்முறை போனபோது காட்டினார். காட்டிவிட்டுப் பூட்டினார்.

"இங்க பாருங்கம்மா, உங்க பொண்ணு நல்லா பேசுது. கேக்காத பிள்ளை இப்படிப் பேசுமா?"

"காதுல கருவி இருக்கிறதால பேசுறா சார்."

"அதான் கருவி இருக்கில்ல? அப்புறம் எதுக்கு மைக்?"

அவள் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு மின்விசிறியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் பாதி கேட்டார்.

"குடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா அது உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"உபயோகிக்கிறதுக்குத்தானே சார் குடுத்திருக்காங்க?"

"உபயோகிச்சாத்தானேம்மா உடையும்."

அவள் பேச்சை மாற்றி, பிள்ளையை முதல் பெஞ்சிலாவது உட்கார வைக்கக் கேட்டாள். அது உயர வரிசையாம். சிட்டு வகுப்பிலேயே உயரம் என்பதால் கடைசி பெஞ்சாம். அவள் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குப் போர்டு மறைக்குமாம்.

"சுவர் ஓரமா உக்கார வைக்கலாமே சார், யாருக்கும் மறைக்காது."

"அங்கே மிஸ் அவங்க பையை வைப்பாங்க."

"அவளை உசரமா பெத்தது என் தப்புதான் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, காரில் ஏறிக் கதவை அவள் சாத்திய சாத்தில், பின்சீட்டில் காத்திருந்த கல்லூரி மாணவன் அன்றைக்கு வகுப்பு வேண்டாம் என்று இறங்கிப்போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவள் நடையாய் நடந்தாள். பள்ளியில் ஆஸ்பத்திரிச் சான்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில், பள்ளி கேட்கிறது என்பதற்குப் பள்ளியிலிருந்து கடிதம் கேட்டார்கள். கடிதம் கொடுக்க கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றார் தலைமையாசிரியர். அலுவலகத்தில், "அனுமதியா? எங்களை எதுக்கும்மா கேக்குறாங்க, அவங்களே குடுக்கலாமே" என்றார்கள். அதை வந்து சொன்னால், "அப்படின்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்கிறார் இவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது சரிதான். இங்கே சாமி யார், பூசாரி யார் என்பதே கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

"செவிடன் காதில் ஊதின சங்கு" என்று ஒரு பழமொழி உண்டு. அதை அவள் வீட்டில் தடை செய்திருந்தாள். மாமியார் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு இரண்டு நாள் பேச்சு வாங்கியிருக்கிறார். ஆனால் தலைமையாசிரியருக்கு அதைவிடப் பொருத்தமாகத் தமிழில் வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிவரை வந்த பழமொழியை அவள் கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

கணவன் லிப்ட் மெக்கானிக். பாதி வழியில் மாட்டிக்கொண்டு அலறும் மனிதர்களிடம் வெளியே நின்று "பயப்படாதீங்க, இதோ ஆச்சு" என்று சொல்லியே பழகியவன். அவளிடமும் அதையேதான் சொன்னான்.

"விடு, ஆயிடும். நம்ம பொண்ணு கெட்டிக்காரி, எப்படியும் தேறிடுவா."

"அவ கெட்டிக்காரியா இருக்கிறதுதான்யா கஷ்டமே!"

அவள் சொன்னது உண்மை. அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளே ஊட்டி வளர்த்தது என்பதுதான் அதில் இருக்கும் கொடுமை. காரில் புதிதாக ஏறுகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம், "முன்னால பாருங்க, பக்கத்துல பாருங்க, கண்ணாடியில பாருங்க. கண்ணு ஒரு இடத்துல நிக்கக்கூடாது" என்பது. மகளுக்குக் காது கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து அதே பாடத்தை அவளுக்கும் நடத்தினாள். கதவு தட்டினால் அப்பா தலை திரும்பும், அதைப் பார். யாராவது சிரித்தால் நீயும் சிரி. வாயைப் பார், கையைப் பார், பக்கத்துப் பிள்ளை எந்தப் பக்கத்தைத் திறக்கிறது பார். சரியாகச் செய்தால் சபாஷ், ஒரு முத்தம். "புரியலைன்னு யார்கிட்டயும் காட்டிக்காதே, கேலி பண்ணுவாங்க" என்றும் சொல்லி வைத்தாள். எந்த டிரைவிங் மாணவனும் அவளிடம் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டதில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அவள் அன்போடு செய்திருந்தாள்.

விளைவு, சிட்டுவுக்குக் கேட்கவில்லை என்பதை யாரும் நம்பவில்லை. வகுப்பு மிஸ் சின்ன வயசுக்காரி, கெட்டவள் இல்லை. அவளே ஒருநாள் பரிசோதித்துப் பார்த்தாளாம்.

"எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சு, பின்னாலேர்ந்து கை தட்டினேன்க்கா. உடனே திரும்பிட்டா!"

வீட்டில் கேட்டதற்குச் சிட்டு சாதாரணமாகச் சொன்னாள். "எல்லாரும் என் பின்னால பாத்தாங்க. நானும் பாத்தேன்."

இதெல்லாம் கூட ஓடிக்கொண்டிருந்தது. சொல்வதைக் கேட்டு எழுதும் பரீட்சையில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. மிஸ் வகுப்பில் நடந்துகொண்டே வாக்கியங்களைச் சொல்ல, சிட்டு வழக்கம்போலப் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்து எழுதினாள். பக்கத்துப் பிள்ளையோ அடிமுட்டாள். அவன் செய்த பிழையெல்லாம் இவள் தாளிலும் அச்சுப் பிசகாமல் இருந்தது. காப்பியடித்தாள் என்று வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தார்கள். தலைமையாசிரியர் தாயைக் கூப்பிட்டனுப்பினார். கவனமும் இல்லை, காப்பியும் அடிக்கிறாள், இப்படியே போனால் அடுத்த வருஷமும் இதே வகுப்புதான் என்றார். கூடப் படிக்கும் பிள்ளைகளெல்லாம் மேலே போக, தன் மகள் மட்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே கேட்காத பாடத்தை இன்னொரு வருஷம் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதை நினைத்தபோது, பிரேக் அக்காவுக்கு அந்தப் பச்சை பீரோவைக் காரை விட்டே இடித்துத் திறக்கலாமா என்று தோன்றியது.

அவள் மறுபடியும் அலுவலகத்துக்குப் போய், ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சண்டை போட்டாள். தொல்லை தாங்காமல், சிறப்புக் குழந்தைகளைக் கவனிக்கும் அதிகாரி ஒருவரை நேரில் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள். அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். மைக் வேண்டும் என்று அவர் சொன்னால் மைக். வேண்டாம் என்று சொன்னால் இனி அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.

அந்தக் காலையில் பள்ளி வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓடும் காரில் சிட்டுவிடம் எதுவும் பேச முடியாது.

"இன்னைக்கு ஒரு மேடம் வருவாங்க. நீ யாரையும் பாத்து எதையும் செய்யக்கூடாது. காதுல கேட்டா மட்டும் பதில் சொல்லு."

"பாத்தாத்தானே கேக்கும்?"

"அதான் பாக்காதேங்கிறேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு."

"தெரியலைன்னு சொன்னா நிக்க வெப்பாங்க."

"இன்னைக்கு நிக்க வெக்க மாட்டாங்க."

சிட்டு அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்தாள். "பரீட்சையில தோக்கச் சொல்றியா?"

"தோக்கிறது இல்லடி. உனக்கு எது கேக்கலையோ அதைக் கேக்கலைன்னு காட்டணும், அவ்வளவுதான்."

"நீதானே காட்டிக்காதேன்னு சொன்ன?"

ஆமாம், அவள்தான் சொன்னாள். பின்னால் நின்ற பள்ளி வேன் ஹாரன் அடித்தது. "போடி உள்ள" என்றாள்.

அதிகாரி வயதானவர். தோளில் கனமான பை, கையில் வெந்நீர் பிளாஸ்க். அன்றைக்கே இன்னும் இரண்டு பள்ளிக்குப் போகவேண்டும் என்று வந்ததுமே சொன்னார். சிட்டுவை எதிரே நிற்க வைத்து, முகத்துக்கு நேராக, என்ன பாடம் பிடிக்கும், வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டார். சிட்டு கணீரென்று பதில் சொன்னாள். பிறகு வகுப்பு நடந்தது. மிஸ் புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் எல்லோரும் திறந்தார்கள், சிட்டு பக்கத்தில் பார்த்துவிட்டு ஒரு நொடி தள்ளித் திறந்தாள். பாட்டை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள், அவள் வாயும் கூடவே அசைந்தது. முன்வரிசையில் ஒரு பையன் ஏதோ உளற வகுப்பே சிரித்தது, அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, வாசலில் நின்ற அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள். முத்தம் கேட்கும் பார்வை. பிரேக் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தானே சமாளிக்கிறா?" என்றார் அதிகாரி.

"நான் அப்பவே சொன்னேன் மேடம்" என்றார் தலைமையாசிரியர், சிட்டுவை அவரே பெற்று வளர்த்ததைப் போல.

அதிகாரி பேனாவைத் திறந்தார். பிரேக் அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அனுமதி கேட்காமல் வகுப்புக்குள் நுழைந்தாள்.

"சமாளிக்கிறா மேடம். காலையில வந்ததுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சமாளிச்சுக்கிட்டே இருக்கா. நான்தான் சொல்லிக் குடுத்தேன், என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அதுக்கே அவளுக்கு நேரம் சரியாப் போகுது, அப்புறம் படிக்கிறது எப்போ? வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுட்டுச் சாப்பிடக்கூடத் தெம்பில்லாமத் தூங்கிடுறா. ஒரே ஒரு தடவை அவளைக் கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. கிளாஸ் எப்பவும்போல நடக்கட்டும். அவ பேரைக் கூப்பிடுங்க. திரும்பிட்டான்னா நான் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

தலைமையாசிரியருக்கு அந்தக் கடைசி வாக்கியம் மிகவும் பிடித்திருந்தது. "பாத்துடலாம் மேடம்" என்றார்.

ஆனால் சிட்டு மாட்டேன் என்றாள். மிஸ் சொன்னாள், அதிகாரி சொன்னார். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினாள். பிரேக் அக்கா கடைசி பெஞ்சுக்குப் போய், அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"கொஞ்ச நேரம்தானேடி. மூடினா என்ன ஆயிடும்?"

"எல்லாரும் போயிடுவாங்க" என்றாள் சிட்டு.

பயந்தோ அழுதோ சொல்லவில்லை. மழை பெய்தால் நனைந்துவிடுவோம் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் பிரேக் அக்காவுக்கு இது தெரியாது.

"யாரும் போகமாட்டாங்க. நான் இங்கேயேதான் நிப்பேன். சத்தியமா."

சிட்டு யோசித்தாள். பிறகு இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டாள். வேடிக்கை பார்த்த பிள்ளைகள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்துப் பின் சந்தைபோல இரைந்தார்கள். மின்விசிறி ஓடியது. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஓடியது. மிஸ் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, எப்போதும்போல அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். சிட்டு அசையவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தலைமையாசிரியருக்கு இது மரியாதைக்குறைவாகப் பட்டிருக்க வேண்டும். "ஏம்மா, மிஸ் கூப்பிடுறாங்க பாரு!" என்று அவரும் குரல் கொடுத்தார்.

அதிகாரி பிரேக் அக்காவைப் பார்த்து, நீங்களும் கூப்பிடுங்கள் என்று சைகை காட்டினார். அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். "சிட்டு" என்றாள். பிள்ளைகளின் இரைச்சலில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "சிட்டும்மா" என்றாள். கை தானாக மகளின் தோளை நோக்கிப் போனது. அதிகாரி கூடாது என்று தலையாட்டினார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சிட்டு அந்தச் சந்தைக்கு நடுவே, கண்ணைப் பொத்தியபடி, முதுகை நிமிர்த்தி, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கில்கூடப் பார்க்கவில்லை.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சிட்டுவே பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா? யாராவது கூப்பிட்டீங்களா?"

"எத்தனை தடவை கூப்பிட்டோம்!" என்றார் தலைமையாசிரியர். "மிஸ் கூப்பிட்டாங்க, நான் கூப்பிட்டேன். கேக்கவே இல்லையா?"

சிட்டு அவரைப் பார்த்த பார்வையில், அம்மா வருஷம் முழுக்க அவரிடம் விழுங்கி வைத்த எரிச்சல் அத்தனையும் இருந்தது.

"சத்தம் கேட்டுச்சு சார். எப்பவும்தான் கேக்குது. அதுல எது என் பேருன்னு எனக்கு எப்படித் தெரியும்? தொட்டுக் கூப்பிடணும். எங்க வீட்டுல எல்லாரும் தொட்டுத்தான் கூப்பிடுவாங்க. இதுகூடத் தெரியாதா?"

மிஸ் தலையைக் குனிந்துகொண்டு, முதல் பெஞ்சில் சுவர் ஓரமாக இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். அதிகாரி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"பீரோவைத் திறங்க சார்."

"திறக்கலாம் மேடம். ஆனா எழுத்துல ஒரு அனுமதி..."

"நான் இங்கதானே நிக்கிறேன். முதல்ல திறங்க."

அவர் சாவியைத் தேடிச் சட்டைப் பைகளைத் தட்டிக்கொண்டே வெளியே போனார். "சாவி இங்கதான் இருந்துச்சு..." என்று முனகுவது கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் பிரேக் அக்கா பின்னாலேயே போய் நன்றாக நாலு கேட்டிருப்பாள். இப்போது அவளால் அந்தப் பெஞ்சை விட்டு நகர முடியவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை.

சிட்டு அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் கூப்பிட்டியாம்மா?"

"ம்."

"எங்கேர்ந்து?"

"இங்கேர்ந்துதான். உன் பக்கத்துல நின்னு."

சிட்டு பெஞ்சையும் அம்மா நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பக்கத்துல நின்னுகிட்டு ஏம்மா தொடல?"

தொடக்கூடாது என்றார்கள், தொட்டிருந்தால் உனக்கு மைக் கிடைத்திருக்காது என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். பிரேக் அக்கா மகளின் தோளில் கையை வைத்தாள்.

சிட்டு தோளைக் குலுக்கி அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"இப்ப எதுக்கு? இப்பதான் பாத்துக்கிட்டு இருக்கேனே!"